உழைக்கும் உள்ளம்

நரையும் திரையும் முதுமையின் அடையாளங்கள். அவற்றைக் கண்ணாடி காட்டிவிடும், காண்போரும் கூறுவர். ஆனால் உள்ளத்தில் முதுமை புகுவதைக் காட்டும் கண்ணாடி எதுவும் இல்லை. பழகிய நண்பரின் பெயர் நாவின் நுனிவரை வந்தும் வெளிவராமல் நிற்கும்போது, வைத்த பொருளை வைத்த இடத்தில் காணாது தேடும்போது, மனிதன் முதன்முறையாக அஞ்சுகின்றான். எனக்கு அகவை எழுபதைக் கடந்துவிட்டது. அவ்வச்சம் எனக்கும் உண்டு. அதனால், முதுமையில் மூளை சோர்ந்துவிடாமல் காப்பது எவ்வாறு, மனக்கவலையை ஆற்றிக்கொள்வது எவ்வாறு என்பன பற்றி நான் கண்டவற்றையும் கற்றவற்றையும் கூற விரும்புகின்றேன். இளைஞராகிய உங்களுக்கு இது தொலைவில் உள்ள செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் உங்கள் இல்லத்தில் பாட்டனாரோ பாட்டியாரோ இருப்பர் அல்லவா? அவர்தம் பொருட்டேனும் கேளுங்கள்.

எங்கள் ஊர் பாபநாசம். தஞ்சைக்கும் கும்பகோணத்திற்கும் இடையே, நெல்வயல்கள் சூழ அமைந்தது. ஊரை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில், நாயக்கர் காலத்தில் செங்கல்லால் எழுப்பப்பெற்ற வட்டவடிவமான நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கின்றது. அது 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். வெளியூரார் அதன் பருமையைக் கண்டு வியப்பர். உழவரோ வேறொன்றை எண்ணுவர். களஞ்சியத்தில் நெல்லைக் கொட்டுவது மட்டும் போதாது. பழையதை எடுத்துப் புதியதை இட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். எடுக்காமல் கிடந்த நெல்லில் பூச்சி விழும். விதைக்காமல் ஆண்டுக்கணக்கில் வைத்த விதைநெல் முளைக்கும் திறனை இழக்கும்.

மனித மூளையும் ஏறக்குறைய இத்தகையதே. இளமையில் கற்றவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ‘இனி நமக்குக் கற்பதற்கு என்ன இருக்கின்றது?’ என்று அமர்ந்துவிட்டால், சேர்த்ததும் மெல்ல மெல்லக் கைக்கு எட்டாமற் போகின்றது. மூளையின் எடை உடலின் எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே. ஆயினும், உடல் ஓய்ந்திருக்கும்போது செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது பெற்றுக்கொள்கின்றது. இத்துணைப் பெருஞ்செலவில் வளர்க்கப்பெறும் உறுப்பை வேலையின்றி வைத்தல் முறையாகுமா?

வளர்ந்தவர் மூளை மாறாது என்று முன்னாளில் பலர் கருதினர். அக்கருத்து இன்று நிலைபெறவில்லை. இலண்டன் நகரில் வாடகைக் கார் ஓட்ட உரிமம் பெற விரும்புவோர் அந்நகரின் ஏறத்தாழ 25,000 தெருக்களையும் மனத்திற் பதித்துக்கொண்டு தேர்வில் வெல்லுதல் வேண்டும். எலினார் மகுவையர் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் இவ்வோட்டுநர்களின் மூளையை ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டனர். இடங்களையும் வழிகளையும் நினைவில் வைத்தற்கு உதவும் ‘ஹிப்போகாம்பஸ்’ என்னும் பகுதியின் பின்புறம், ஏனையோர்க்கு இருப்பதைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. பயிற்சி தேர்வில் வெல்வதற்கு மட்டும் உதவவில்லை. மூளையின் அமைப்பையே மாற்றியது.

இதற்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கையைத் தேடி நாம் இலண்டன்வரை செல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊருக்கு அருகிலேயே உத்தமதானபுரம் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அவ்வூரைத் தம் பெயரின் முதலெழுத்தாகக் கொண்டவரே டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1855ஆம் ஆண்டில் பிறந்த அவர், கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தமிழாசிரியராகப் பணியாற்றி, 1919ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு அகவை அறுபத்து நான்கு. அதற்குள்ளாகவே சீவக சிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை முதலிய நூல்களை ஓலைச்சுவடிகளினின்றும் அச்சிற்கு ஏற்றியிருந்தார். ‘செய்தது போதும்’ என்று அவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தாலும் தமிழுலகம் குறை கூறியிராது.

அவரோ அமரவில்லை. 1924ஆம் ஆண்டில் பெருங்கதையைப் பதிப்பித்தார். தம் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை எழுதி, அதன் முதற்பாகத்தை 1933ஆம் ஆண்டில் வெளியிட்டார். குறுந்தொகையை உரையுடன் பதிப்பித்த 1937ஆம் ஆண்டில் அவருக்கு அகவை எண்பத்திரண்டு. 1940ஆம் ஆண்டில், எண்பத்தைந்தாம் அகவை நடக்கும்போது, ‘என் சரித்திரம்’ என்னும் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கினார். இளமையிற் பழகிய ஊர்களையும் மனிதர்களையும் உரையாடல்களையும் அவர் அதில் விரித்துரைக்கும் திறம் படிப்போரை வியக்கச் செய்யும். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அவர் மறைந்தபோது, அவ்வரலாறு முற்றுப்பெறாமல் நின்றது. எழுதுகோல் ஓய்வதற்குமுன் உள்ளம் ஓயவில்லை.

அவர் வாழ்வினின்றும் நாம் அறிய வேண்டுவது ஒன்று உண்டு. அவர் மூளையைக் காப்பதற்காக வேலை செய்தவர் அல்லர். செல்லரித்து அழியும் சுவடிகளைக் காப்பதற்காக வேலை செய்தார். அவ்வேலை அவர் மூளையையும் காத்தது எனலாம். அன்றியும், அவர் தனித்து இருந்தாரல்லர். கி. வா. ஜகந்நாதன் போன்ற இளைஞர்கள் அவரோடு உடனிருந்து கற்றனர், உதவினர். பிறர்க்குப் பயன்படும் வேலை, கூடி இருக்கும் மனிதர், நாளும் புதிதாக எதிர்ப்படும் ஐயம் ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்த முதுமை அவருடையது.

இனி, மனக்கவலையைக் காண்போம். நெல் விளையும் நாட்டிற் கவலைக்குப் பஞ்சம் இல்லை. மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. குறுவைப் பயிருக்காக ஜூன் 12ஆம் நாள் அதனைத் திறப்பது வழக்கம். அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போகும். அப்போது எங்கள் தெருவில் முதியவர் பலர் இரவில் உறங்குவதில்லை. நீர் வருமா, வந்தாலும் கடைமடை வரை எட்டுமா, கடனை அடைக்க இயலுமா என்று எண்ணி எண்ணிப் புரள்வர்.

அச்சம் நேர்ந்தவுடன் உடலில் ‘கார்ட்டிசால்’ என்னும் சுரப்புநீர் மிகுகின்றது. எதிர்ப்பட்ட இடையூற்றைத் தாங்குதற்கு அது சிறிதுபொழுது உதவும். ஆனால் அதே நிலை திங்கட்கணக்கில் நீடித்தால் தீங்கு விளைகின்றது. இவ்வகைச் சுரப்புநீர் எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் பகுதியில் சென்று சேர்வதை, 1968ஆம் ஆண்டில் புரூஸ் மெக்கீவன் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்தனர். நினைவிற்கு இடமான பகுதியே கவலையின் அடியையும் தாங்குகின்றது. வயலுக்கு அளவாகப் பாயும் நீர் பயிரை வளர்க்கும். வடியாமல் தேங்கும் நீர் பயிரை அழுகச் செய்யும். கவலையும் அவ்வாறே வடிந்துபோக வழி வேண்டும்.

அவ்வழிகள் அரியவை அல்ல. நான் நாள்தோறும் விடியலில் குடமுருட்டியாற்றின் கரையில் அரைமணிப்பொழுது நடக்கின்றேன். நடக்கும்போது கடன் குறையாது. ஆனால் கடனைப் பற்றிய கலக்கம் குறையும். தலைக்குள் சுழலும் கவலைகளை ஒரு தாளில் எழுதி, ‘என்னால் ஆவன’, ‘என்னால் ஆகாதன’ என்று இரண்டாகப் பிரிப்பேன். மழையும் அணையும் இரண்டாம் பகுதியைச் சாரும். வாய்க்காலைத் தூர்வாருதலும், வரவு செலவை எழுதி வைத்தலும், நண்பரிடம் மனந்திறந்து பேசுதலும் முதற்பகுதியைச் சாரும். முதற்பகுதியில் உள்ளதொன்றைச் செய்து முடித்த நாளில் உறக்கம் தானே வருகின்றது.

மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அண்டை வீட்டுச் சிறுவர் மூவர் கணக்குக் கற்க வருவர். நான் பணியினின்றும் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர்கள் பாடநூலில் உள்ள கணக்குகளோ நான் படித்தவை அல்ல. ஆகவே, காலையில் நான் கற்று மாலையில் அவர்களுக்குக் கற்பிக்கின்றேன். ‘தாத்தா, இது ஏன் இப்படி?’ என்று அவர்கள் கேட்கும் ஒரு வினா, நான் தனியே அமர்ந்து நிரப்பும் பத்துக் குறுக்கெழுத்துப் புதிர்களினும் கடியது. அவ்வினாவிற்கு விடை காணாமல் நான் உணவருந்த எழுந்ததில்லை.

எங்கள் தெருவில் முதியவர் ஒருவர் இருக்கின்றார். நெடுங்காலம் கணக்கெழுதும் வேலையில் இருந்தவர்; நகைச்சுவையாகப் பேசுவதில் வல்லவர். சில ஆண்டுகளுக்குமுன் அவர் திண்ணைப் பேச்சிற்கு வருவதை நிறுத்திவிட்டார். அறிவு மங்கிவிட்டது என்று ஊரார் பேசினர். உண்மையில் மங்கியது அறிவன்று, செவி. பிறர் பேசுவது கேட்காமையால் நாணி ஒதுங்கியிருந்தார். மகன் அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, காதுக்கருவி வாங்கிக் கொடுத்தான். இன்று எங்கள் திண்ணையில் உரத்த சிரிப்பு அவருடையதே. 2024ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழின் அறிஞர் குழு, முதுமை மறதி நோய்க்கு வழிகோலும் காரணங்களில் மாற்றக்கூடியவை என்று பதினான்கைத் தொகுத்துரைத்தது. செவிக்குறை, பார்வைக்குறை, கல்விக்குறைவு, இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், உடலுழைப்பின்மை, தனிமை ஆகியன அவற்றுட் சில. உலகெங்கும் காணும் இந்நோயில் ஏறத்தாழப் பாதியளவை, இவற்றை நீக்குவதால் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அவர்தம் கணிப்பு.

பாதியளவு என்றால், எஞ்சிய பாதி? இதனை நான் மறைத்துக் கூறுதல் தகாது. என் தமக்கையார் என்னினும் எட்டாண்டு மூத்தவர். நூற்றுக்கணக்கான பாடல்களை ஏடு பாராமற் பாடுவார். பால் கணக்கும் நெல் கணக்கும் அவருக்கு வாய்க்கணக்கே. பல்லாங்குழியில் அவரை வென்றவர் எங்கள் தெருவில் இலர். அத்தகையவர்க்கே மறதி நோய் வந்தது. முதலில் ஒரே வினாவை மீண்டும் மீண்டும் கேட்டார். பின்னர் இரசத்தில் இருமுறை உப்பிட்டார். ஒரு நாள், பிறந்து வளர்ந்த தெருவில் நின்றுகொண்டே வீட்டிற்கு வழி கேட்டார். உறவினர் சிலர், ‘மூளைக்கு வேலை கொடுக்காமல் இருந்துவிட்டாள்’ என்றனர். அச்சொல் என்னைச் சுட்டது. அவரைப் போல் வேலை கொடுத்தவர் யார்? தஞ்சையில் நாங்கள் கண்ட மருத்துவர் தெளிவாகக் கூறினார்: ‘இது நோய், குற்றம் அன்று. நல்ல பழக்கங்கள் இந்நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும். வாராது என்று உறுதி கூற இயலாது.’

அன்று முதல் நாங்கள் அவரைத் திருத்துவதை விட்டோம். அவரோடு இருப்பதைத் தொடங்கினோம். காலையில் கோலமாவுக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தால், புள்ளி வைத்துக் கோடிழுத்து முடித்துவிடுகின்றார். நா மறந்ததைக் கை மறக்கவில்லை. அரிசியை முறத்திலிட்டுக் கொடுத்தால் அழகாகப் புடைக்கின்றார். யாரேனும் பாட்டின் முதலடியைத் தொடங்கினால், எஞ்சிய அடிகள் அவரிடமிருந்து தாமே வருகின்றன. என் பெயர் அவருக்கு நினைவில் இல்லை. ஆயினும் நான் அருகில் சென்று அமர்ந்தால், என் கையைப் பற்றிக்கொண்டு, ‘தம்பி, சாப்பிட்டாயா?’ என்று கேட்கின்றார். பெயர் போயிற்று, அன்பு போகவில்லை.

ஆகவே, முதியோர்க்கு நான் கூறுவது இதுவே: நாளும் புதிதாக ஒன்றைக் கற்பீராக; கற்றதைப் பிறர்க்கு ஈவீராக; நடப்பீராக; நன்கு உறங்குவீராக; செவியும் கண்ணும் குன்றினால் நாணாது மருத்துவரை நாடுவீராக; தனித்திராதீர். எவ்வளவு முயன்றும் நோய் வந்துவிட்டால், அதற்காக உங்களை நீங்களே பழித்துக்கொள்ளாதீர்.

இளைஞர்களே, உங்களுக்குக் கூறுவது இன்னும் எளிது. உங்கள் இல்லத்து முதியோரிடம் நாள்தோறும் ஒரு வினாவேனும் கேளுங்கள். அவர் காலத்தில் வயலில் எந்நெல் விளைந்தது, ஆற்றில் எவ்வளவு நீர் ஓடியது, பள்ளிக்கு எவ்வழியே சென்றார் என்று கேளுங்கள். ஒரே கதையை அவர் இரண்டாம் முறை கூறினால், முதன்முறை கேட்பவர் போலவே கேளுங்கள். உங்கள் செவி அவர் உள்ளத்திற்கு வேலை தரும். உங்கள் பொறுமை அவர் கவலையைத் தணிக்கும். கேட்கும் உங்களுக்கோ, எந்நூலிலும் எழுதப்பெறாத செய்திகள் கிடைக்கும்.