அண்ணாந்து பார்த்தது போதும்

தஞ்சாவூர் பெரிய கோயிலில் ராஜராஜன் திருவாசலைத் தாண்டி உள்ளே வருகிறவர்களைக் கவனித்தால் தெரியும், எல்லார் தலையும் ஒரே நேரத்தில் பின்னால் சாயும். இருநூறு அடிக்கு மேல் எழுந்து நிற்கிற விமானம் யாரையும் அண்ணாந்துதான் பார்க்க வைக்கும். அதில் பிழையில்லை. ஆனால் பெரும்பாலோர் அதோடு முடித்துக்கொள்கிறார்கள். நந்தியோடு ஒரு படம், பெருவுடையார் தரிசனம், விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாரோ சொல்லக் கேட்ட வியப்பு, பிறகு வேன் கும்பகோணத்துக்குக் கிளம்பிவிடும். (நிழல் நன்றாகவே விழுகிறது. ஊர்க்காரர்கள் அதில் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.) சோழர், நாயக்கர், மராட்டியர் என மூன்று அரசுகளுக்குத் தலைநகரமாக இருந்த ஊரை இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டுப் போவது எனக்கு எப்போதும் வருத்தமாகவே இருக்கிறது.

தலைநகரம் என்றதும் அரண்மனையைத் தேடுகிறோம். ராஜராஜனின் அரண்மனை இன்று இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்ததை அவனுடைய மெய்க்கீர்த்தி பெருமையாகவே சொல்கிறது. மாடங்கள் போயின, வீதிகள் போயின. போகாமல் நிற்பது அந்தத் தலைநகரத்தின் கணக்கு. கோயிலின் அடித்தளத்திலும் திருச்சுற்றுச் சுவரிலும் வரிவரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கக் குனிய வேண்டும், சில இடங்களில் உட்காரவே வேண்டும்.

காலையில் நடை திறந்ததும் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் கருங்கல் தளம் காலைச் சுட ஆரம்பித்துவிடும், பிறகு நின்று எதையும் பார்க்க மனம் வராது. காலை வெயில் சாய்வாக விழும்போது இன்னொரு வசதி உண்டு. உளி வெட்டிய பள்ளத்தில் நிழல் தங்கி எழுத்து தானாக எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் அதே இடம் வெறும் சொரசொரப்பான கல்லாகத் தெரியும்.

வாசிக்க முடியுமா என்று தயங்க வேண்டாம். வீட்டுக்கு வரும் உறவுக்காரப் பிள்ளைகளை நான் முதலில் எழுத்துத் தேடத்தான் விடுவேன். ட, ப இரண்டும் ஏறக்குறைய இன்று எழுதுவது போலவே இருக்கும். ககரம் சிலுவைக் குறி போல இருக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. கிரந்த எழுத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கும் இடத்தைக் காட்டிவிட்டால் போதும், 'ராஜராஜ' என்ற பெயரைத் தாங்களே கண்டுபிடித்து, ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கல்லில் விரல் வைத்துக் கூவுவார்கள். விரல் வைத்தால் போதும், சாக்பீஸ், மாவு எதுவும் பூசக் கூடாது.

இங்கே என்னதான் எழுதியிருக்கிறது? தான் கொடுத்ததையும், தன் அக்காள் கொடுத்ததையும், தன் தேவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லிலே வெட்டச் சொல்லி அரசன் இட்ட ஆணையோடு தொடங்குகிறது. அக்காள் குந்தவைக்கு அரசியருக்கு முன்னால் இடம். அதன் பிறகு வருவதெல்லாம் கணக்குதான். ஒரு நகை என்றால் அதில் எத்தனை முத்து, எந்த வகை முத்து, சரடும் அரக்கும் உட்பட எடை எவ்வளவு என்று குன்றிமணி பிசகாமல் சொல்கிறது. ஒரு விளக்குக்குத் தினம் ஓர் உழக்கு நெய், அந்த நெய்க்காக 96 ஆடுகள். திருப்பதியம் பாட 48 பேர், கூட உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவர், தலைக்குத் தினம் மூன்று குறுணி நெல்.

எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து நானூறு ஆடல் மகளிரை இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினான் ராஜராஜன். எந்தத் தளிச்சேரி (அவர்கள் குடியிருந்த தெரு), அதன் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று இன்றைய வாக்காளர் பட்டியலைப் போல அத்தனை பேரையும் எழுதியிருக்கிறார்கள். தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் முதல் வீடு, திருவையாற்று உலோகமாதேவி ஈச்சரத்திலிருந்து வந்த சேரமங்கையுடையது. அவளுக்குப் பங்கு ஒன்று, அதாவது ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவள் இறந்துவிட்டால் அந்தப் பங்கு யாருக்கு, அந்த உறவினருக்குத் தகுதி இல்லாவிட்டால் என்ன செய்வது என்பது வரை விதி இருக்கிறது. தொடர்ந்து ஆடல் ஆசான்கள், கணக்கர், குடை பிடிப்பவர், தச்சர், தையற்காரர், நாவிதர், துணி வெளுப்பவர். பேரரசனின் பெயரை உலகம் வைத்திருக்கிறது. தென்சிறகு முதல் வீட்டுப் பெண்ணின் பெயரையும் வைத்திருக்கிற தலைநகரங்கள் உலகில் எத்தனை இருக்கும்? விமானத்தின் உயரத்தைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

இந்த எழுத்துகள் இல்லையென்றால் கட்டியவனின் பெயர்கூட நம்மிடம் தங்கியிருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயிலைக் கட்டியவன் யார் என்பதற்குக் கதைகள்தான் இருந்தன. 1886இல் ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் இந்தச் சுவர்களைப் படித்த பிறகே ராஜராஜன் பெயர் உறுதியானது.

கருவறையைச் சுற்றியுள்ள சோழர் ஓவியங்களையும், மேல்தளத்தில் 81 வரை செதுக்கி மிச்சத்தை வெறுங்கல்லாக விட்டிருக்கும் நாட்டியக் கரணச் சிற்பங்களையும் பார்க்கப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அதற்காக மனம் சோராமல் தென்மேற்குத் திருச்சுற்றுக்குப் போங்கள். அங்கே சுவரில் மராத்தி எழுத்து. தஞ்சையை ஆண்ட போன்சலே மரபின் வரலாற்றை 1803இல் இரண்டாம் சரபோஜி வெட்டி வைத்தார். எண்ணூறு ஆண்டு கழித்து வேறு மொழிக்காரரான ஓர் அரசரும், தன் குலக் கதையைச் சொல்ல இதே கோயிலின் கல்லைத்தான் தேடி வந்தார்.

அடுத்து அரண்மனை. நாயக்கர் கட்டி மராட்டியர் விரித்தது. தர்பார் மண்டபத்தின் வண்ணத் தூண்களைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடலாம், நேரத்தைக் கலைக்கூடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர் அங்கே நிற்கிறார். 1011இல் வார்த்த செப்புத் திருமேனி. காளையின் மேல் சாய்த்து வைத்த வலக்கை அந்தரத்தில் நிற்கிறது, காளை கிடைக்கவில்லை. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டியிருக்கும் அழகை முன்னால் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து இடுப்பின் வளைவைப் பாருங்கள். காளை இல்லாமலே அது அங்கே இருப்பது தெரியும். இந்த ஒரு சிலைக்காக வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பஸ்ஸில் வந்து இறங்கும் நாம் பார்க்காமல் போகலாமா?

சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளைப் புரட்ட ஆய்வாளர்களுக்குத்தான் இடம். அதன் அருங்காட்சியகம் எல்லாருக்கும் உண்டு. ஓலைச்சுவடிகளுக்கு நடுவே, மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிட்டுப் பிரெஞ்சு ஓவியர் லெ ப்ரூன் வரைந்த படங்களைப் பார்த்தால் சரபோஜியின் ஆர்வம் எங்கெங்கே போயிற்று என்று புரியும். கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையை ஒவ்வொருவருக்கும் தனித்தாளில் கண்ணின் வண்ணப் படத்தோடு அவர் பதிந்து வைக்கச் செய்தார். அந்தத் தாள்கள் இந்த நூலகத்தில்தான் இருக்கின்றன. சோழன் தளிப்பெண்ணின் வீட்டைக் குறித்து வைத்தான், மராட்டியர் நோயாளியின் கண்ணைக் குறித்து வைத்தார். ஆள்பவர் மாறினாலும் இந்த ஊர் ஆளைப் பெயர் சொல்லி எழுதும் பழக்கத்தை விடவில்லை.

சரபோஜிக்குப் பாடம் சொன்ன பாதிரியார் சுவார்ட்ஸின் பெயரில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779இல் கட்டிய தேவாலயம் இருக்கிறது. திறந்திருந்தால் உள்ளே போய், குருவின் மரணப் படுக்கை அருகே மாணவனான அரசன் நிற்கும் பளிங்குச் சிற்பத்தைப் பாருங்கள். இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செய்தது.

பிற்பகலை ஒரு வீணைப் பட்டறைக்குக் கொடுங்கள். தலையாட்டி பொம்மையும் தஞ்சாவூர் ஓவியமும் கடையில் கிடைக்கும். வீணை உருவாவதைப் பட்டறையில்தான் பார்க்க முடியும். பலா மரத்தைக் குடைந்து குடம் எடுப்பது, யாளி முகம் செதுக்குவது எல்லாம் கண்ணுக்கு வேலை. கடைசி வேலை காதுக்கு. தண்டியின் மேல் கறுப்பு மெழுகில் 24 மெட்டுகளைப் பதிக்கிறவர், தந்தியை மீட்டிக் கேட்டு, மெழுகை இளக்கி, பித்தளை மெட்டை மயிரிழை நகர்த்தி, மறுபடி மீட்டுவார். அவர் தலையசைக்கும் வரை அது நடக்கும். நடுவே பேச்சுக் கொடுக்காதீர்கள். முடித்த பிறகு கேட்டால் ஆர்வமாகச் சொல்வார்கள்.

இரவு தங்குங்கள். மறுநாள் காலை திருவையாற்றுக்கு டவுன் பஸ்ஸில் போகலாம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டும் 13 கிலோமீட்டர். தியாகராஜர் சமாதிக்கும் அசோகா அல்வாவுக்கும் வழி சொல்ல எல்லாரும் இருக்கிறார்கள். ஐயாறப்பர் கோயிலுக்குள் வடபுறம் உள்ள வடகயிலாயத்துக்கு மட்டும் நீங்களே கேட்டுப் போக வேண்டும். ராஜராஜனின் தேவி உலோகமாதேவி கட்டியது. கல்வெட்டு சொல்லும் உலோகமாதேவி ஈச்சரம் இதுதான், சேரமங்கை தஞ்சைக்கு வருமுன் இருந்த கோயில். தேவி கொடுத்த கொடைகளை இந்தச் சுவரிலும் வெட்டியிருக்கிறார்கள். நேற்றுப் பழகிய எழுத்தை இங்கே எடுத்துப் பார்க்கலாம். முதல் நாளைவிட வேகமாகப் பிடிபடும்.