ஆறு திரும்புமா?

ஜெஞ்சாரோமில் நான் ஆசிரியப் பணி ஏற்ற தொடக்க ஆண்டுகளில், ஆறாம் ஆண்டு மாணவர்களை ஆற்றைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணித்தேன். எல்லா ஏடுகளிலும் பளிங்கு நீரே ஓடிற்று, கயல்கள் துள்ளின. கரும்பலகையில் நான் எழுதிக்கொடுத்த சொற்கள்தாம் அவை. ஒருவன் மட்டும், பாட்டி வீட்டுக்குச் சென்றபோது கண்ட கிள்ளான் ஆற்றை எழுதியிருந்தான்.

"ஆற்று நீர் தேநீர் நிறம். காலையில் கடலுக்குப் போகும். மாலையில் திரும்பி வரும்."

ஆறாவது, திரும்புவதாவது! சிவப்பு மையால் அடித்து, ஐந்து மதிப்பெண் குறைத்தேன்.

"நான் பார்த்தேன், ஐயா" என்றான்.

"உட்கார்" என்றேன்.

கோலாலம்பூரில் கோம்பாக் ஆற்றோடு கூடி, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி, மலாக்கா நீரிணையிற் கலப்பது அவ்வாறு. 1886-இல் இருப்புப்பாதை அமையுமுன் ஈயமும் அரிசியும் அதன்மீதே படகேறின. பயிற்சிக் கல்லூரி நாள்களில் இவற்றை மனனம் செய்தவன் நான். பாலத்தைப் பேருந்தில் பன்முறை கடந்தும் கீழே குனிந்து நோக்கியதில்லை.

அவ்வாண்டு இறுதி விடுமுறையில் கிள்ளான் சென்றேன். 1961-இல் திறக்கப்பெற்ற கோத்தா பாலம் ஈரடுக்கு கொண்டது. கீழடுக்கு நடந்து செல்வோர்க்கு உரியது. அதன் நடுவே நின்றேன். கடல் ஏறும் வேளை. வாழைத்தண்டு ஒன்று, பின்னே நெகிழிப் புட்டிகள் சூழ, கடலுக்கு முதுகு காட்டிக் கோலாலம்பூர்த் திசையில் மிதந்து போயிற்று. நீர் தேநீர் நிறமாகவே இருந்தது.

சனவரியில் பள்ளி திறந்ததும் அந்த ஐந்து மதிப்பெண்ணைத் திருப்பித் தர அவனைத் தேடினேன். அவன் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டிருந்தான்.