பழைய அம்பிளிபயர் தேடி மலைநாட்டில்

மலைநாட்டுக்குச் செல்வோர் குளிர்ச்சியை நாடுவர். கண்ணுக்கினிய காட்சிகளை நாடுவர். நாமோ சென்ற தை மாதத்தில் ஒரு பழைய அம்பிளிபயரை நாடி அட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். எமது பையிலே ஒரு பல்மானி. உடன்வந்த மாணவன் தோளிலே கனத்ததோர் ஒலிபெருக்கி.

காரணம் இதுதான். எமது கல்லூரி மாணவர் சிலர், தம் தோட்டத்து முதியவரொருவர் காமன் கூத்துக்குத் தப்பு அடித்ததை ஒலிப்பதிவு செய்திருந்தனர். அம்முதியவர் இன்று இல்லை. மாசியில் நிகழவிருந்த கலைவிழாவில் அப்பதிவை ஒலிக்கச் செய்ய விரும்பி, நன்கொடையாக வந்த இரண்டு ஒலிபெருக்கிகளைச் சிறியதோர் அம்பிளிபயருடன் இணைத்தோம். பேச்சுக் கேட்டது, பாட்டுக் கேட்டது, தப்பின் முதல் அடி விழுந்ததும் கருவி வாயடைத்துப் போயிற்று.

குற்றம் எங்கே? எமது ஒலிபெருக்கியின் தடை 4 ஓம். 20 வோல்ற்றுக் கொடுத்தால் 8 ஓம் ஒலிபெருக்கி 2.5 அம்பியர் மின்னோட்டம் கேட்கும். இதுவோ 5 அம்பியர் கேட்கும். அன்றியும், ஒரு வாற்று வலுவைக் கொடுத்து ஒரு மீற்றர் தள்ளி நின்று அளந்தால், இது 84 டெசிபெல் ஒலியே தரும். திருவிழாவில் மரத்திலே கட்டும் கூம்பு ஒலிபெருக்கிகளுட் சில 104 டெசிபெல் தர வல்லவை. இந்த 20 டெசிபெல் வேற்றுமை, வலுவில் நூறு மடங்காகும்!

புதியது வாங்கலாமே எனின், 2022இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபின் இறக்குமதிக் கருவிகளின் விலை எமக்கு எட்டாததாயிற்று.

அட்டன் கடைவீதியில் வானொலி திருத்தும் பெரியவரிடம், கோயில்களில் உழைத்துக் களைத்த அம்பிளிபயர் ஒன்று இருந்தது. விலை மலிவு. ஆயினும் விற்பவரே எம்மைத் தடுத்தார்.

"இது கூம்புக்குத்தான் சரி, சேர். உங்க பெட்டிக்கு வேணாம். நுவரெலியாவுல நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட ரெண்டு இருக்கு. மேல எழுதியிருக்கிற வாற்றப் பாக்காதீங்க, தூக்கிப் பாருங்க."

பழைய கருவிகளில் இது பெரும்பாலும் பொருந்தும் விதி. மிகுந்த மின்னோட்டம் தரப் பெரிய நிலைமாற்றி வேண்டும். வெப்பத்தை வெளியேற்ற அகன்ற உலோகத் தகடுகள் வேண்டும். இரண்டும் பாரமானவை.

கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை எனப் பஸ் வளைந்து வளைந்து ஏறிற்று. டெவோன் அருவியைக் கண்டு மாணவன் மகிழ்ந்தான். எமக்கோ வேறு நினைவு. லக்சபானாவில் 1950ஆம் ஆண்டிலேயே நீரிலிருந்து மின்சாரம் பிறந்தது. ஆயினும் இம்மலைகளின் எத்தனையோ லயன்களில் அதன்பின்னும் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. அவ்வொளியிலே வளர்ந்த கலைக்கன்றோ இன்று அம்பிளிபயர் தேடுகின்றோம்!

1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் கை விறைக்கும் குளிர். கடையிலே முதற் கருவி பளபளத்தது. பின்புறத்தில் 100 வோல்ற்று என்றிருந்தது. யப்பான் நாட்டு வீடுகளுக்கென ஆக்கப்பட்டது. எமது 230 வோல்ற்றில் நேரே இணைத்தால் எரிந்துவிடும். கடைக்காரர் தனி நிலைமாற்றி வைத்து இயக்கினார். ஒலிபெருக்கியை இணைக்குமுன், அதற்குரிய முனைகளைப் பல்மானியால் அளந்தோம். ஏதும் ஒலிக்காத வேளையிலும் 2 வோல்ற்று நேரோட்டம் கசிந்தது. இணைத்திருந்தால் ஒலிச்சுருளுக்கே கேடு.

மற்றது தூசு படிந்த கறுப்புப் பெட்டி. தூக்கிய மாணவன் பெருமூச்சு விட்டான். முனைகளில் 12 மில்லிவோல்ற்றே காட்டிற்று. மூடியைத் திறக்கச் செய்தோம். கொள்ளளவிகள் வீங்கவில்லை, கருகிய மணமும் இல்லை. எமது ஒலிபெருக்கியை இருபுறமும் மாற்றி மாற்றி இணைத்து ஒரு மணி நேரம் தப்பொலியையே கேட்டோம். கருவி இளஞ்சூடாயிற்று, ஓயவில்லை. புதியதன் விலையிற் பாதிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கினோம்.

பழையது வாங்க விரும்பும் மாணவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: தூக்கிப் பாருங்கள், அளந்து பாருங்கள், உங்கள் ஒலிபெருக்கியையே கொண்டு சென்று கேட்டுப் பாருங்கள்.

விழாவன்று மண்டபத்தில் தப்பின் முதல் அடி விழுந்தது, இரண்டாவதும் விழுந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த அம்முதியவரின் பேரன், எவரையும் பாராமல், தன் முழங்காலில் அதே அடியைத் தட்டிக்கொண்டிருந்தான்.