அப்டேட் போடலாமா, வேண்டாமா?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தா எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் டெவலப்மென்ட்தான் வேணும். நெட்வொர்க், சிஸ்டம்னா "சப்போர்ட் வேலையா மச்சான்?"னு இழுப்பாங்க. எனக்குக் கிடைத்திருப்பது அந்த வேலைதான். வருத்தமாகத்தான் இருந்தது, இந்த இரண்டு சம்பவங்களைப் படிக்கும் வரை.

2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. போடாமல் தள்ளிப்போட்டவர்கள் மாட்டினார்கள். பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன்கள்கூடத் தள்ளிப்போயின.

2024 ஜூலை 19 அன்று கதை தலைகீழ். உடனே அப்டேட் வாங்கியவர்கள் மாட்டினார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தவறான ஃபைலால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் படுத்துவிட்டன. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் பூட்டே ஆகாத மெஷினுக்குத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்? பல இடங்களில் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் ஒரு ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது.

ஒரு கம்பெனியின் ஐடி தலைவருக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. முதலில் பத்து மெஷினில் போட்டுப் பார்த்து, பிறகு மற்றதுக்குப் போவதுதான் நடுவழி. கிரவுட்ஸ்ட்ரைக்கின் அந்த வகை ஃபைலை அப்படி நிறுத்திப் பார்க்க அன்று வாடிக்கையாளர்களுக்கு வழியே இல்லை. எதை நம்பி உள்ளே விடுகிறோம் என்று வாங்கும்போதே கேட்கத் தெரிந்த ஆள் வேணும்.

சப்போர்ட்னே சொல்லிக்கோங்க மச்சான். நான் ஜாயின் பண்றேன்.