தறியில் ஒரு பிரதிபேதம்

ஓரிக்கை என்ற பெயருக்கு எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் விளக்கம் 'ஓர் இரவு இருக்கை' என்பது. தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவ அரசன் நாடு கடத்த, அவர் ஆசிரியரான திருமழிசையாழ்வாரும் உடன் கிளம்புகிறார். ஆழ்வார் சொல்லுக்கு இணங்கி, திருவெஃகாவில் பள்ளிகொண்டிருந்த பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடக்கிறார். அன்றிரவு அவர்கள் தங்கிய இடமே ஓரிக்கை. அரசன் மனம் மாறி வேண்டிக்கொள்ள, எல்லோரும் திரும்பினர். பெருமாளுக்குச் 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்ற பெயர் நிலைத்தது. சொல்லாராய்ச்சி இந்த விளக்கத்தை ஏற்குமா என்பது வேறு விவாதம். எதுவும் ஓரிடத்தில் ஓரிரவுதான் தங்கும் என்ற அதன் குறிப்பை, வடிவங்கள் எங்கே தங்குகின்றன என்ற கேள்வி எழுந்தபோதெல்லாம் நாங்கள் நினைத்துக்கொள்வதுண்டு.

அண்ணன் தம்பி என நாங்கள் இருவர். ஒருவருக்கு வாய்த்தது கல்லூரியில் தமிழ் வகுப்பு. மற்றவருக்கு அப்பாவின் குழித்தறி. வீடு ஒன்று என்பதால் தறியின் கவலையும் ஒன்று.

பட்டுத்தறிக்கு நினைவாற்றல் வேண்டும். எந்த ஊடைக்கு எந்தப் பாவு இழை மேலெழ வேண்டும் என்ற கணக்கை அது எங்கேனும் வைத்திருந்தாக வேண்டும். எங்கள் தாத்தா காலத்தில் அந்தக் கணக்கு 'அடை'யில் இருந்தது. நூல்களாகக் கட்டிவைத்த வடிவத்தைத் தறிக்கு அருகே ஒருவர் நின்று ஊடைக்கு ஊடை இழுத்துக் கொடுப்பார். அப்பா காலத்தில் ஜக்கார்டு வந்தது. கணக்கு துளையிட்ட அட்டைக்குக் குடிபெயர்ந்தது. துளை இருந்தால் ஊசி உள்ளே நுழையும், கொக்கி எழும்; துளை இல்லையேல் எழாது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. இப்போது தறியின் மேலே இருப்பது எலக்ட்ரானிக் ஜக்கார்டு. மிதியை அழுத்தியதும், பக்கத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டி படத்தின் அடுத்த வரியைப் படித்து, உரிய கொக்கிகளின் மின்காந்தங்களுக்கு ஆணையிடும். சொன்னவண்ணம் செய்யும் பெட்டி. சொல் இருப்பதோ விரல் நீளமுள்ள ஒரு பென் டிரைவில்.

இந்தப் பயணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1725-இல் பிரான்சின் லியோன் நகரில் பசீல் பூஷோன் என்பவர் துளையிட்ட தாளால் பட்டுத்தறியை இயக்கிப் பார்த்தார். அதே நகரத்து ஜக்கார்டு 1804-இல் அதை நிறைவான பொறியாக்கினார். அவருடைய உருவத்தையே ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தார்கள். அதில் ஒரு பிரதி, கணிப்பொறியைக் கனவு கண்ட சார்லஸ் பாபேஜின் வீட்டில் இருந்தது. 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் துளையட்டையைக் கணக்குப் பொறிக்குக் கொண்டுபோனார். 1983-இல் போனாஸ் நிறுவனம் எலக்ட்ரானிக் ஜக்கார்டை அறிமுகம் செய்தது. தறி கணினிக்குக் கொடுத்த கடனைக் கணினி திருப்பித் தந்தது என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் ரசிப்பார்கள். அட்டைக் கட்டுகளைச் சுமந்து பழகிய தோள்களுக்கு அந்த ரசனை இன்னும் கூடுதல்.

சென்ற ஐப்பசி மழையில், தம்பி முந்தியில் 412-ஆம் ஜரிகை ஊடையைப் போட்டபோது மின்சாரம் போய், வந்து, மறுபடி போனது. எங்கள் பெட்டிக்கு ஒரு வழக்கம்: எத்தனையாவது வரியில் நிற்கிறோம் என்பதை அது டிரைவிலேயே குறித்துக்கொள்ளும். எழுதிக்கொண்டிருந்த கணத்தில் உயிர் போயிற்று. மின்சாரம் வந்தபின் பெட்டியின் சிறு திரையில் 'கோப்பு இல்லை' என்ற செய்தி நின்றது.

தையில் முகூர்த்தம் குறித்த ஒரு குடும்பத்தின் புடவை அது. உடல் முடிந்து, முந்தி கால்பங்கு ஏறியிருந்தது. பாதி முந்தியில் வேறு வடிவத்தை ஏற்ற முடியாது. அதைவிடப் பெரிய கவலை, அந்த வடிவம் அப்பாவினுடையது என்பது. இரண்டு வரிசை அன்னங்கள், நடுவே தாழம்பூ ரேக்கு, மேலே கோபுரம். அவர் வைத்திருந்த அட்டைகளைப் பரணில் கறையான் தின்றது. அதற்கு முன்பே அவற்றைப் பார்த்துக் கணினியில் வரைந்து கொடுத்த கடையும் மூடப்பட்டுவிட்டது. அப்பாவும் இல்லை.

பழுது பெட்டியிலா டிரைவிலா என்பதை முதலில் தெளிந்தோம். மின்வழங்கியும் இணைப்புக் கம்பிகளும் சரியாக இருந்தன. யூஎஸ்பி துளையைத் துடைத்து, வேறொரு டிரைவில் ஒரு சிறு புட்டா வடிவத்தை ஏற்றிச் செருகினோம். பெட்டி உடனே படித்தது, கொக்கிகள் எழுந்தன. ஆக, பெட்டிக்கு நோய் இல்லை, அதற்குச் சொல்லப்பட்ட சொல்லே கெட்டிருந்தது. பழைய டிரைவை மடிக்கணினியில் செருகிப் பார்த்த தம்பி குரல் கொடுத்தார்:

"அண்ணா, ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்குது. வேணாம்னு சொல்லிட்டேன்."

அந்தச் சொல்லைக் கணித்தமிழில் 'வடிவமைத்தல்' என்கிறார்கள். எங்கள் தொழிலில் வடிவமைத்தல் என்றால் ஒன்றை உண்டாக்குவது. அங்கே இருந்ததை வழித்தெடுத்துப் புதுப்பரப்பு ஆக்குவது. 'வேண்டாம்' என்ற அந்த ஒரு சொல்லே வேலையில் பாதி.

மறுபாதியைச் சுவடி உவமையால் விளக்கினால் நம் வாசகர்களுக்கு எளிது. டிரைவின் பரப்பு சிறு சிறு அறைகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒரு கோப்பு எந்தெந்த அறைகளில் எந்த வரிசையில் கிடக்கிறது என்பதை 'ஃபேட்' என்ற அட்டவணை சொல்லும். பாதுகாப்புக்காக அந்த அட்டவணை இரு படிகளாக எழுதப்படும். எங்கள் டிரைவில் இரண்டும் சிதைந்திருந்தன. கயிறு அறுந்து ஏடுகள் கலைந்த சுவடியின் நிலை அது. ஏடுகள் அழியவில்லை, எதன்பின் எது என்பதே அழிந்தது.

கலைந்த சுவடியில் நேரே கைவைக்கக் கூடாது. டிரைவில் எதையும் எழுதாமல், முதல் அறையிலிருந்து கடைசி அறை வரை அப்படியே மடிக்கணினிக்குள் ஒரு பிரதி எடுத்தோம். தேடுதல் எல்லாம் அந்தப் பிரதியில்தான். ஃபோட்டோரெக் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. அது அட்டவணையைப் பொருட்படுத்தாது. ஒவ்வோர் அறையின் தொடக்கத்தையும் முகர்ந்து பார்க்கும். பிட்மேப் படம் என்றால் அதன் முதல் இரண்டு எழுத்துகள் 'பி', 'எம்' என்றிருக்கும். காப்புச் செய்யுளைக் கண்டு நூலின் தொடக்கம் இது என்று தெளிவதைப் போன்றது. கோப்புகளின் பெயர்கள் மட்டும் திரும்பி வாரா. பெயரிழந்த பல படங்களினூடே அப்பாவின் அன்னம் கிடைத்தது.

கிடைத்தது முழுமையாக அல்ல. 480 கொக்கிகளுக்கு ஒரு வரி 60 பைட்டுகள். முந்தியின் 1,600 வரிகளுக்கு 96,000 பைட்டுகள் சொச்சம். அதாவது 4,096 பைட் கொண்ட 24 அறைகள். இத்தகைய வடிவங்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல் ஒரு 4 ஜிபி டிரைவில் அடங்கும். எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதில் முதல் 15 அறைகள் தொடர்ச்சியாக இருந்தன. எஞ்சியவை வேறெங்கோ சிதறியிருக்க, அந்த இடத்தில் ஏதோ ஒரு பழைய கோப்பின் துணுக்குகள் புள்ளிமழையாகத் தெரிந்தன. பிட்மேப் படம் கீழ்வரியிலிருந்து மேல்நோக்கிச் சேமிக்கப்படுவது. தம்பி நெய்வதும் கீழிருந்து மேல். ஆகவே 1,022 வரிகள் கைக்கு வந்தன. மேலே 578 வரிகள் இல்லை. ஏற்கெனவே நெய்த 412 போக, 610 ஊடைகளுக்குத் தறிக்கு வேலை இருந்தது. அது தீர்வதற்குள் எஞ்சியதைக் கண்டெடுக்க வேண்டும்.

வளையாபதி என்ற காப்பியம் முழுநூலாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டும் உரையாசிரியர்களும் எடுத்தாண்டதால் சில செய்யுட்கள் தப்பின. முத்தொள்ளாயிரத்தின் கதையும் ஏறத்தாழ அதுவே. ஒரு நூலைக் காப்பது அதன் சுவடி மட்டுமன்று; அதைப் பயன்படுத்தியவர்களும் காக்கிறார்கள். ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவரும் இந்தச் செய்தி வீட்டு அலமாரிக்கும் பொருந்தும் என்பது, அம்மா சாவியை நீட்டியபோதுதான் விளங்கியது. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அவரே இதே வடிவத்தில் நெய்த அரக்கு நிறப் புடவை உள்ளே இருந்தது.

பகலில் தறி ஓடியது. மூன்று நாடா போட்டு நெய்யும் கோர்வை மெதுவாகவே நகரும். அந்த மெதுவே எங்களுக்குத் துணை. இரவில் புடவையைப் பாயில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்து, ஒரு குண்டூசியால் இழை இழையாக ஒருவர் எண்ணிச் சொல்ல, மற்றவர் கட்டம்போட்ட தாளில் பென்சிலால் நிரப்பினோம். "நாலு மேலே, ரெண்டு கீழே, ஒண்ணு மேலே" என்ற அந்த ஓதல் ஏழு இரவுகள் நடந்தது. மடிப்பில் ஜரிகை தேய்ந்த இடங்களில், பக்கத்து அன்னத்தைப் பார்த்து நிரப்பினோம்.

ஐந்தாம் இரவில் இரண்டாம் வரிசை அன்னத்தின் அலகுக்கு வந்தோம். அலகில் ஏதோ கவ்வியிருந்தது. மூன்று கொக்கி அகலம், நான்கு ஊடை உயரம். தறியில் இருந்த முதல் வரிசை அன்னங்களுக்கு அலகு வெறுமையாக இருந்தது. புடவையின் முதல் வரிசையிலோ அங்கும் கவ்வல் இருந்தது. அட்டையைப் பார்த்துக் கணினியில் வரைந்தவர் அதைப் பிசிறு என்று கருதி நீக்கியிருக்கலாம். அத்தனை ஆண்டுகளாக எங்கள் தறி அலகு வெறுமையான அன்னங்களையே நெய்து வந்திருக்கிறது.

இரு சுவடிகள் மாறுபட்டால் உ.வே.சாமிநாதையர் தமக்குப் பொருந்திய பாடத்தை மேலே பதிப்பித்து, மற்றதைப் பிரதிபேதம் என்று அடியில் காட்டுவார். 1894-இல் வந்த புறநானூற்றுப் பதிப்பைப் புரட்டியவர்கள் அந்த நேர்மையை அறிவார்கள். எங்களுக்குள் அன்றிரவு நெடுநேரம் வழக்கு நடந்தது. புடவையே மூலம், அதன்படியே நெய்ய வேண்டும் என்பது ஒரு கட்சி. தம்பியின் கட்சி வேறு: "அவங்க பார்த்து ஆர்டர் குடுத்த சேலையில அது இல்லையே அண்ணா. கீழ வெறும் மூக்கு, மேல கவ்வின மூக்குன்னு நெஞ்சா, நெசவுல தப்புன்னுதான் சொல்வாங்க." வென்றது அந்தக் கட்சியே. கல்யாணப் புடவையின் அன்னங்கள் வெறும் அலகோடு நெய்து முடிக்கப்பட்டு, உரிய நாளில் போய்ச் சேர்ந்தன. கவ்விய அலகுள்ள வடிவத்தைத் தனிக்கோப்பாக வரைந்தோம். இரண்டும் இப்போது மடிக்கணினியிலும், இரு டிரைவுகளிலும், பெங்களூரில் இருக்கும் அக்கா வீட்டுக் கணினியிலும் உள்ளன. ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுத்து என்பது அடைத்துவைத்த மின்னூட்டம். அது காலப்போக்கில் கசியும் தன்மையது. ஆகவே ஆண்டுக்கொரு முறை புதிதாகப் படியெடுப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். ஏடு நைந்தால் படியெடுத்த முன்னோர் செய்ததும் வேறொன்றல்ல.

கட்டத்தாள்களை அம்மா தன் அலமாரியில், புடவைக்கு அடியில் வைக்கக் கேட்டார். கொடுப்பதற்கு முன், அந்த அலகில் இருப்பது தாமரை மொக்குதானே என்று கேட்டோம்.

"மொக்கு யாருடா சொன்னது? அது மீனு. உங்கப்பா மீனுன்னுதான் சொல்வாரு."

மூன்று கொக்கிக்கு நான்கு ஊடையில் மொக்கும் மீனும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தம்பி தாளின் ஓரத்தில் பென்சிலால் 'மீன்' என்று எழுதி, அடியில் 'மொக்கு எனவும் பாடம்' என்று சேர்த்தார்.