நைனாவுக்கு நான் செய்த மொழிபெயர்ப்பு

நான் பி.காம். தெரிந்த வித்தை கணக்கு எழுதுவது. போன வருஷம் நைனாவுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலையும் பார்த்தேன். அதில் நான் செய்த கையாடலைத்தான் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் தெலுங்கு. வாசற்படி தாண்டினால் தமிழ். 1960 ஏப்ரல் முதல் தேதிதான் திருத்தணிப் பக்கம் சித்தூர் ஜில்லாவிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. நைனா அப்போது கைக்குழந்தை. தூளியில் படுத்தபடியே மாநிலம் மாறியவர்! லுங்கி வியாபாரம், ரேஷன் கடைச் சண்டை எல்லாம் தமிழில் வெளுத்துக் கட்டுவார். சாமி கும்பிடுவதும் அழுவதும் மட்டும் தெலுங்கில்.

தறி இரண்டையும் எடைக்குப் போட்ட மாசம் ஆரம்பித்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, தறி இருந்த இடத்தில் போய் உட்கார்ந்திருப்பார். சோறு இறங்கவில்லை. அம்மா சோளிங்கர் ஆஞ்சநேயரிடம் அழைத்துப் போனாள். (மனசு சரியில்லாதவர்களை அங்கே குளத்தில் முழுக வைத்து மலையேற்றுவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது.) நான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

முதல் ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். "என்ன பண்ணுது?" என்றார் டாக்டர். "குண்டெ மண்டுதோந்தி" என்றார் நைனா. நெஞ்சு எரிகிறது என்று அர்த்தம். டாக்டர் காதில் விழுந்ததோ 'மண்டை'! நான் வாய் திறப்பதற்குள் தலைக்கு ஸ்கேன் எழுதிவிட்டார். மண்டையில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. "இதை நான் கல்யாணமான வருஷமே சொன்னேனே" என்றாள் அம்மா.

அடுத்தது மனநல டாக்டர். தெருவில் 'நரம்பு டாக்டர்' என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். பின்னே? சென்னையில் 1794-லேயே தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி இன்றைக்கு இருக்கிற கீழ்ப்பாக்கத்தை நாம் வசவாக்கி வைத்திருக்கிறோமே! அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களிலும் இதே கதைதான். மனக்கஷ்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் 'நெர்வியோஸ்', அதாவது நரம்பு. அங்கே மனநல டாக்டர்கள் சங்கம் 1994-ல் தன் கையேட்டிலேயே அந்த வார்த்தையைச் சேர்த்துக்கொண்டது.

டாக்டர் தமிழில் கேட்டார். நைனா தலையைக் குனிந்துகொண்டு தெலுங்கில் நிறையச் சொன்னார். கடைசியாக, "உண்டி ஏமி லாபம்?" இருந்து என்ன பிரயோஜனம்?

நான் டாக்டரிடம் சொன்னது: "கொஞ்சம் சோர்வா இருக்காராம் சார்."

நஷ்டக் கணக்கை மறைக்கிற புத்தி! நூல் விலை, கூலி எல்லாம் லெட்ஜர் போட்டுக் காட்டி, தறியை விற்கச் சொன்னதே நான்தான். அதை நானே எப்படி மொழிபெயர்ப்பது?

டாக்டர் கெட்டிக்காரர். "அவர் அவ்வளவு பேசினார். நீங்க நாலு வார்த்தைதான் சொல்றீங்க. கொஞ்சம் வெளியே இருங்க தம்பி" என்றார். நகரிக்காரரான ஒரு நர்ஸம்மாவை உள்ளே கூப்பிட்டார். சிகிச்சை விவரத்தை நோயாளிக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்று 2017 மனநலச் சட்டத்திலேயே இருக்கிறதாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜி.எஸ்.டி. சட்டம்தான்.

முக்கால் மணி நேரம். கதவுக்கு இந்தப் பக்கம் வரை நைனா அழுவது கேட்டது. முப்பது வருஷத்தில் நான் கேட்டதில்லை.

"உங்கப்பா சொல்லச் சொன்னதை மட்டும் சொல்றேன்" என்றார் டாக்டர். "செத்துடலாம்னு ரெண்டு தடவை தோணியிருக்கு. கொஞ்ச நாளைக்கு ராத்திரி தனியா விடாதீங்க. மாத்திரை தவறக் கூடாது." சோளிங்கர் விஷயத்தை அம்மா பயந்து பயந்து கேட்டாள். "தாராளமா போங்கம்மா. மாத்திரையையும் எடுத்துட்டுப் போங்க."

14416 என்ற நம்பரை எழுதிக் கொடுத்தார்கள். 2022-லிருந்து நடக்கிற மத்திய அரசின் டெலி மானஸ். ராப்பகலாக, இலவசமாக, தெலுங்கிலும் பேசலாம். அம்மா அதைக் காலண்டரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

என்னைப் பற்றி நைனா என்ன சொன்னார் என்று நர்ஸம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் கேக்கக் கூடாது தம்பி" என்று போய்விட்டார்.

இப்போது சாயங்காலம் பக்கத்துத் தெரு தறிக்கூடத்தில் நைனா தார் சுற்றுகிறார். கூலி வாங்குவதில்லை. சத்தம் கேட்டால் போதுமாம். ராத்திரி தூங்குகிறார்.

போன மாசம் டாக்டரைப் பார்க்கப் போனபோது நானும் கூடவே எழுந்தேன். "நுவ்வு பயட கூர்ச்சோரா" என்றார். நீ வெளியே உட்காருடா. ஒரு வாரப் பத்திரிகை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.