மாடு வித்த காசுல ஒரு ஜீப்பு

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு வேங்கிக்கால்னா கலெக்டர் ஆபீஸ் இருக்கிற ஊர். வேலூர் ரோட்டுல பஸ்ஸுல போறப்போ பாத்திருப்பீங்க. ஆனா இங்க இன்னமும் ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் வச்சுக்கிட்டு மல்லாட்டையும் நெல்லும் போடுறவங்க இருக்கோம். நானும் அதுல ஒருத்தன். மல்லாட்டைன்னா உங்க வேர்க்கடலைதான்.

என்கிட்ட இருந்த கடைசி ஜோடி மாட்டை தீபத்துக்குக் கூடுற சந்தையில வித்துட்டேன். எனக்கும் முட்டி வலி, மாட்டுக்கும் வயசு. அந்தக் காசோட ஒரு போகம் மல்லாட்டைக் காசையும் சேத்து ரெண்டு லட்சம் பாங்குல கிடந்தது. மாடு போன பிறகு ஒவ்வொரு மூட்டைக்கும் வாடகை வண்டி. குட்டியானைக்காரர் அவர் நேரத்துக்குத்தான் வருவார். மழை வர்ற மாதிரி இருந்தா வாடகையும் ஏறும்.

சென்னையில இருக்கிற பையன், "லோன் போட்டு புது பிக்கப் எடுத்துடுப்பா"ன்னான். லோன்னு கேட்டாலே எங்க வீட்டுல பேச்சு நின்னுடும். முன்னாடி போர் போட வாங்கின கடனுக்கு அவங்க அம்மா நகை மூணு வருஷம் அடகுல இருந்தது. அதனால கையில இருக்கிற காசுக்குள்ள, பழைய வண்டியா பாக்கணும்னு முடிவு பண்ணினேன். ரெண்டு வேலைக்கு ஆகணும். டிரெய்லர் மாட்டி மூட்டை இழுக்கணும். லீவுக்கு வர்ற பேரப் பிள்ளைங்களை சாத்தனூர் அணைக்கும் ஜவ்வாது மலைக்கும் கூட்டிட்டுப் போகணும்.

முதல்ல பாத்தது ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பு. உயரமான பானட், மடக்குற கண்ணாடி. சின்ன வயசுல அதிகாரிங்க வந்து இறங்கின அதே ஜீப்பு. மகிந்திரா கம்பெனி அந்தக் காலத்துலயே அமெரிக்காவோட வில்லிஸ் ஜீப்பை பம்பாயில பூட்ட ஆரம்பிச்சுது. அந்த வம்சம்தான் இது. பாத்ததும் மனசு போயிடுச்சு. ஆனா பெட்ரோல் விக்கிற விலைக்கு மூட்டை இழுத்தா மல்லாட்டைக் காசு டேங்குக்கே போயிடும். இன்னொண்ணு, 50 வருஷம் தாண்டின வண்டியை விண்டேஜ்னு பதியுறதுக்கு 2021-ல ஒரு சட்டம் வந்திருக்கு. அப்படிப் பதிஞ்சா கண்காட்சிக்கு, ஊர்வலத்துக்கு ஓட்டலாம். தினப்படி வேலைக்கு ஓட்டக்கூடாது. எனக்கு சாமி மாதிரி வச்சுக் கும்பிட வண்டி வேண்டாம்.

ரெண்டாவது டாடா 207. பாரம் தூக்குறதுல அதை அடிச்சுக்க முடியாது. பின்னாடி பெரிய தொட்டி, டிரெய்லரே தேவையில்லை. ஆனா அது சரக்கு வண்டி. பழைய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். அதைவிட முக்கியம், பின்னாடி ஆள் ஏத்தக்கூடாது. ஏத்துறாங்கதான். அப்படி ஏத்தின வண்டி கவிழ்ந்த செய்தியை நாமளும் பேப்பர்ல படிச்சுக்கிட்டேதான் இருக்கோம். பேரனை அங்க உக்கார வைக்க எனக்கு மனசு வரலை.

மூணாவது ஒரு எம்.எம். 540. பளபளன்னு புது பெயின்ட், பெரிய டயர். டெல்லி வண்டி. அங்க 10 வருஷம் தாண்டின டீசல் வண்டிக்குத் தடை போட்ட பிறகு நிறைய வண்டிங்க மலிவா இந்தப் பக்கம் வந்துச்சு. முறையா வந்தா தப்பில்லை. அந்த ஊர் ஆர்.டி.ஓ. கொடுத்த தடையில்லாச் சான்று இருக்கணும். இது எங்கன்னு கேட்டா, "அடுத்த வாரம் வந்துடும்"னாங்க. என் மச்சான் மெக்கானிக். பேசாம கீழ குனிஞ்சு, சேஸ் நம்பர் மேல பேப்பரை வச்சு பென்சிலால தேச்சான். நம்பரைச் சுத்தி வெல்டிங் அடிச்ச தடம் பேப்பர்ல விழுந்துச்சு. "மாமா, வா போகலாம்"னான். அவ்வளவுதான். அன்னைக்கு அட்வான்ஸ் கொடுக்க அம்பதாயிரம் பையில வச்சிருந்தேன்.

கடைசியா கிடைச்சது 1999 மாடல் கமாண்டர். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்தார். பெயின்ட் மங்கிப் போயிருந்தது. ஆனா 2014, 2019, 2024-ன்னு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிச்ச தாளெல்லாம் ஃபைல்ல இருந்தது. 600 ரூபாயா இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 5000 ஆயிடுச்சு. அதையும் கட்டியிருக்கார். என்ஜின் இன்டர்நேஷனல் பி-275 டிராக்டர் வழிவந்த டீசல். "இதுக்கு சாமான் தேடி மெட்ராஸ் போக வேணாம் மாமா, டிராக்டர் பிரிக்கத் தெரிஞ்சவன் இதையும் பிரிப்பான்"னான் மச்சான். வாத்தியார் சாவியைக் கொடுத்து, "ஒரு நாள் ஓட்டிப் பாத்துட்டு சொல்லுங்க"ன்னார்.

அந்த ஒரு நாள்தான் இதை எழுத வச்சது.

மச்சானோட ரெண்டு சக்கர டிரெய்லரை மாட்டி, 40 கிலோ மூட்டை பத்து ஏத்தினேன். இறக்க சுலபமா இருக்கட்டும்னு எல்லாத்தையும் பின்பக்கமா அடுக்கினேன். பேரன் ஜீப்புல பின்னாடி உக்காந்திருந்தான். நாப்பது தாண்டினதும் டிரெய்லர் பாம்பு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட ஆரம்பிச்சது. ஜீப்போட பின்பக்கத்தையே தூக்கி இழுக்குது. எதிர்ல டி.வி.எஸ். 50-ல ஒரு அம்மா, முன்னாடி குழந்தை. கால் தானா பிரேக்குக்குப் போச்சு. பக்கத்துல இருந்த மச்சான், "பிரேக்கை அமுக்காத, ஆக்சிலேட்டரை மட்டும் விடு"ன்னு கத்தினான். விட்டேன். வேகம் குறையக் குறைய ஆட்டம் நின்னுச்சு. அந்த அம்மா திட்டிக்கிட்டே போனாங்க. திட்டட்டும். பேரன் "இன்னொரு தடவை தாத்தா"ங்கிறான். எனக்குக் கை நடுங்குது.

வீட்டுக்கு வந்து வண்டியே வேணாம்னு உக்காந்துட்டேன். எங்க வீட்டம்மா வெளிய போய் டிரெய்லரைப் பாத்துட்டு வந்து, "ஏங்க, மாட்டு வண்டியில இப்படித்தான் பாரம் ஏத்துவீங்களா?"ன்னா.

சுருக்னு இருந்தது. முப்பது வருஷம் வண்டி ஓட்டினவன் நான். பின்பாரம் ஏறினா நுகத்தடி மேல தூக்கி மாட்டுக் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் அதிகமானா கழுத்துல உக்காந்து மாட்டை அழுத்தும். அச்சுக்குக் கொஞ்சம் முன்னாடி கனம் இருக்கணும்னு எங்கப்பா எனக்குப் பத்து வயசுலயே சொல்லிக் கொடுத்தது. மாடு இருந்தா தலையை ஆட்டிக் காட்டியிருக்கும். இரும்பு சொல்லாது.

மறுநாள் மூட்டையை மாத்தி அடுக்கினோம். டிரெய்லர் பாரத்துல பத்துல ஒரு பங்கு கொக்கி மேல நிக்கணும்னு மச்சான் சொன்னான். அதாவது பத்து மூட்டை ஏத்தினா ஒரு மூட்டை கனம். அதே ரோடு, அதே பாரம். டிரெய்லர் பின்னாடியே ஒழுங்கா வந்துச்சு. ஆனா ஒரு இறக்கத்துல நிறுத்திப் பாத்தப்போ பிரேக் பிடிக்க ரொம்ப தூரம் ஆச்சு. பிரிச்சா பின் சக்கரத்துல ஆயில் கசிவு. இழுக்குற சக்தியைத்தான் எல்லாரும் கேக்குறோம். எனக்கு அன்னைக்குப் புரிஞ்சது, முதல்ல கேக்க வேண்டியது நிக்குமான்னுதான். வாத்தியார்கிட்ட உள்ளதைச் சொன்னேன். அவரே பத்தாயிரம் குறைச்சார். 1,65,000-க்கு முடிஞ்சது. மிச்சத்துல முதல் செலவு நாலு சக்கரத்துக்கும் பிரேக்.

இப்போ மூட்டைக்கும் ஆகுது, ஊர் சுத்தவும் ஆகுது. பிள்ளைங்க உக்காந்தா டிரெய்லர் மாட்டுறதில்லை, டிரெய்லர் மாட்டினா பிள்ளைங்க உக்கார்றதில்லை. அது எங்க வீட்டம்மா போட்ட சட்டம். போன மாசம் போளூர் வழியா ஜமுனாமரத்தூர் போய் வந்தோம். ஏறின கியர்லயே இறங்கினேன். பின்னாடி வந்தவங்க ஹாரன் அடிச்சாங்க. வழி விட்டுட்டு மெதுவா வந்தோம். முன் சீட்டுல உக்காந்துக்கிட்டு அவ கேட்டா, "மாட்டை வித்தது உங்களுக்கு இப்பவும் வருத்தமா இருக்கா?"

இருக்குன்னுதான் சொன்னேன். கயிறும் மணியும் இன்னும் கொட்டாயிலயே தொங்குது.